பார்த்தேன் என்றாள் ருக்மணி

“எர்த் கம்பியைப் பார்த்துட்டுத்தானே சுவிட்சைப் போட்ட?”

கணவர் கணேசமூர்த்தி கேட்டபோது வாசலில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேராவது நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டு பஷீராவை அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பது ருக்மணிக்குத் தெரிந்தது.

“பார்த்தேன்” என்றாள்.

அவள் பார்க்கவில்லை.

அந்தக் காரவான் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணேசமூர்த்தி சாலை இலாகாவில் மெக்கானிக். சுதந்திரம் வந்த மறு வருஷம் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், கட்டிலும் அடுப்பும் அலமாரியுமாகச் சக்கரத்தின் மேல் நின்ற அந்தத் தகர வீட்டை அவரிடம் விட்டுப் போயிருந்தார். அவர்கள் குடியிருந்த காஜா பேராங்கில் அதற்கு முன் யாரும் அப்படியொன்றைக் கண்டதில்லை. செமாபோக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மெர்டேக்கா என்கிற சுதந்திர தின விடுமுறைக்கு ஒரு ஜீப்பை இரவல் வாங்கி, அதை இழுத்துக்கொண்டு போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு.

கணேசமூர்த்தி மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. ஈரக் காலோடு எதையும் தொடக் கூடாது. வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கரண்டு போடுவதானால், முதலில் கீழே இறங்கி, வண்டியின் அடியிலிருந்து வரும் கம்பி தரையில் அடித்த இரும்புக் கோலில் கட்டியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். ரப்பர் டயர் மேல் நிற்கிற தகரம். கரண்டு கசிந்தால் மண்ணுக்குப் போக அந்தக் கம்பிதான் வழி. அது இல்லாவிட்டால் தொடுகிற ஆள் வழியாகத்தான் போகும் என்று விளக்கியும் இருந்தார்.

பயணத்துக்கு முதல் நாள் முற்பகல், ருக்மணி துணிகளை எடுத்துக்கொண்டு காரவானில் ஏறினாள். வீட்டிலேயே தேய்த்திருக்கலாம். அந்தப் பளபளப்பான மேசையில் வைத்துத் தேய்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சேற்றில் இறங்கச் சோம்பல்பட்டு, நேற்றுத்தானே பார்த்தோம் என்று சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே பஷீராவின் குரல் கேட்டது. இவளும் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்த ருக்மணி, பெருமை தாங்காமல், மேலே ஏறி வரும்படி அழைத்தாள். பஷீரா வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றபடி கதவின் பிடியைப் பற்றினாள். அடுத்த நொடி தூக்கி எறியப்பட்டு விழுந்தாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து, வலது உள்ளங்கை கருகிப்போயிருந்தது. தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுக்கிற கை அது.

வயர்மேன் மருதமுத்து வந்து பார்த்தார். இஸ்திரிப்பெட்டியின் வயர் ஓரிடத்தில் தோல் உரிந்து வண்டியின் தகரத்தில் பட்டிருந்தது. எர்த் கம்பியோ கோலை விட்டு விலகிக் கிடந்தது.

“அவ பார்த்திருக்கா. அப்புறம்தான் விலகியிருக்கு. நான் கட்டின கட்டு சரியில்ல” என்றார் கணேசமூர்த்தி.

பஷீராவின் கணவன் இப்ராஹீம் தெருவில் வைத்தே அவரை வாய்க்கு வந்தபடி ஏசினான். ஒரு கம்பியை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்கா என்று கேட்டான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். காரவானை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பஷீரா வீடு திரும்பிய பிறகும் அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறக்கவே இல்லை. தினமும் பத்துத் தடவை ‘அக்கா’ என்று குரல் வருகிற ஜன்னல் அது.

ஒரு வெள்ளிக்கிழமை, இப்ராஹீம் தொழுகை முடிந்து வருகிற வழியில் கணேசமூர்த்தி போய் நின்று, எல்லார் முன்னிலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ருக்மணி வேலி ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள். தன்னுடைய ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் கூனிக் குறுகுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் காலை, இப்ராஹீம் பண்டார் ஹிலிரில் இருந்த தன் கடைக்குப் போன பிறகு, அவள் பஷீராவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாமியார் மஜீதா திறந்தாள். உள்ளறையைக் காட்டினாள். கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பஷீரா, இவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தனக்கு அது வேண்டியதுதான் என்று ருக்மணி நினைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

“பஷீரா, உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரை ஏசினது தப்பு. என்னைத்தான் ஏசியிருக்கணும். நான் அன்னைக்குக் கம்பியைப் பார்க்கவே இல்ல. பத்துப் பேர் நின்னதுல வெட்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். சாயங்காலம் உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லப்போறேன். அதுக்கு முந்தி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்.”

பஷீராவின் தோள் குலுங்குவது தெரிந்தது. வலிக்கிறதோ என்று ருக்மணி பதறி எழுந்தாள்.

“என்னைப் பார்க்காதீங்கக்கா” என்றாள் பஷீரா. “எந்த முகத்தோட ஜன்னலைத் திறப்பேன்? அந்தக் கம்பி தானா விலகல. அன்னைக்குக் காலையில என் பிள்ளை அதுல தடுக்கி விழுந்து உதட்டைக் கிழிச்சுக்கிட்டான். ஏதோ சும்மா கிடக்கிற கம்பின்னு நான்தான் அவிழ்த்துப் போட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டேன்.”