எச்சில்

பிரான்சுக்கு வந்த தவநேசனுக்குக் கிடைத்த ஒரே வேலை வைன் கடையில், புதிதாய் வரும் வைனை ருசித்துப் பார்த்துத் துப்புவது. குடியை விட்டுப் பதினொரு மாதம். "ஒரு மிடறு உள்ள போனாலும் நானும் பிள்ளையும் அங்க வரமாட்டம்" என்று யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி சொல்லியிருந்தாள். இன்று முதலாளியம்மா நீலம் பூத்த சீஸ் துண்டொன்றை அவனுக்குத் தின்னக் கொடுத்து, அது வாயில் கரையும்போதே இனிப்பு வைனையும் நீட்டினாள். உப்பும் தேனுமாக நாக்கெல்லாம் பரவியதில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பப் போனவனின் கையை, உடன் வேலை செய்யும் சுகிர்தன் பிடித்துக்கொண்டான்.

"துப்புறதுக்கு என்னண்ணை, பாவக்காயே? சீஸோட சேந்ததை விழுங்க வேணும். முதலாளியம்மா பாக்கிறா!"

"எப்படி இருக்கிறது?" என்று அவள் ஆவலோடு கேட்டாள்.

தவநேசன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளே எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.