இடுப்பளவு வேலி

"தோட்டம் வரையற சாஃப்ட்வேர்ல, இருக்கிறதிலேயே விலை குறைஞ்சது எது தம்பி?"

கம்ப்யூட்டர் கடைக்காரரின் முகம் விழுந்தது. காலையிலிருந்து போணியே ஆகவில்லை. வந்த முதல் அம்மாளும் எடுத்த எடுப்பிலேயே அடிமாட்டு விலைக்கு வருகிறார்!

"இலவசமாவே ஒண்ணு இருக்குக்கா. ஆனா மூணு செடிக்கு மேல நட விடாது. இதுன்னா கொஞ்சம் விலை. பாத்தி, வேலி, தண்ணித் தொட்டி எல்லாம் போடலாம். அச்சும் எடுக்கலாம்."

"எங்கே, போட்டுக் காட்டுங்க. வடக்கே வேலி."

போட்டார்.

"என்ன, ஆள் உயரத்துக்கு நிக்குது? இடுப்பளவு போதும். காத்து வரணும்ல?"

குறைத்தார்.

"வேலியை ஒட்டிக் கீரை. அடுத்து முட்டைக்கோஸ். அந்தக் கத்தாழையைக் கண்காணாத மூலைக்குத் தள்ளுங்க."

"கீரைக்கு அங்கே வெயில் பத்தாதேக்கா?"

"இடுப்பளவு வேலிதானே? தாராளமா வரும்."

கடைக்காரர் கீரையை அங்கேயே நட்டார். அக்கா தோட்டக்கலையையே கரைத்துக் குடித்தவராக இருக்கிறாரே!

"தொட்டியும் வேலியோரமே இருக்கட்டும். வேலியில ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்."

"தாழ்ப்பாளெல்லாம் இதுல வரைய முடியாதுக்கா."

"அப்போ பக்கத்துல எழுதியாவது வைங்க."

எழுதி, வண்ணத்தில் அச்செடுத்து நீட்டினார். அக்கா பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்க தோட்டம் அமோகமா வரும்க்கா!"

"எனக்கேது தோட்டம்? பக்கத்து மனைக்குப் புதுசா ஒருத்தர் குடி வந்திருக்கார். எதை எங்கே நடறதுன்னு தெரியாம முழிச்சார். 'கவலையை விடுங்க, என் செலவுல நானே வரைஞ்சு தர்றேன்'னு சொல்லிட்டேன்."

கடைக்காரருக்கு நெஞ்சே உருகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரன் செடி வாடினால் சந்தோஷப்படுகிற காலத்தில் இப்படியும் ஒரு மனசா! கேட்காமலே விலையில் பாதியைக் குறைத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"அந்த வேலிக்கு வடக்கே உங்க வீடாக்கா?"

"வீடு கொஞ்சம் தள்ளி இருக்கு தம்பி. வேலியை ஒட்டி நம்ம ஆட்டுப்பட்டி. பாவம், வாயில்லா ஜீவனுங்க, காய்ஞ்ச புல்லையே தின்னு தின்னு நாக்கு செத்துக் கிடக்குதுங்க!"