கால் சொன்ன வாழ்த்து

சகாயராணி மீன் கூடையோடு குடியிருப்பின் நான்காவது மாடியை எட்டியபோது, அரசு கொடுத்திருந்த செயற்கைக் கால் பேசியது.

"வாழ்த்துகள். இன்று பத்தாயிரம் அடி நடந்துவிட்டீர்கள். நீங்கள் சுயசார்பு அடைந்துவிட்டதால், ஏழு நாட்களுக்குள் இந்தக் காலை ஒப்படைக்கவும்."

மீன் வாங்க வந்த டீச்சர் பதறிப்போனார். சகாயராணி பதறவில்லை. அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை மீன்காரியாக்கியதே இந்தக் கால்தான். மிச்சமிருந்த சாளை மீனையும் விற்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டு நேரே நலத்துறை அலுவலகத்துக்கு நடந்தாள்.

அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையிலிருந்த விதியை ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தார்.

"எப்பவும் கவர்மென்டையே நம்பி இருந்தா அதுவே பழகிடும்மா. நீங்கதான் இப்ப நல்லா நடக்கிறீங்களே," என்றார்.

"எதை வச்சு நடக்கேன் சார்?"

"அது ரிப்போர்ட்ல இல்லம்மா. நடக்கிறீங்கன்னு மட்டும்தான் இருக்கு."

சகாயராணி வாரைத் தளர்த்திக் காலைக் கழற்றினாள். அதை மேசைமேல், அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். கால் இன்னொரு முறை இனிமையாக வாழ்த்தியது.

"இந்தாங்க, விதிப்படி ஒப்படைச்சாச்சு," என்றாள். "நீங்களும் ரொம்ப நல்லா வாசிக்கீங்க சார். அந்தக் கண்ணாடியக் கழட்டி இதுக்குப் பக்கத்துல வச்சிட்டு, இன்னொரு தடவ வாசிங்க. கேப்போம்."