கருங்கைக்காரி

ஆதனக்கோட்டைச் சாலையோரக் கீற்றுக்கொட்டகையில் முந்திரி வறுத்த புகை வெளியேற மனமில்லாமல் கிடக்கிறது. விடிந்ததிலிருந்து கொட்டை உடைத்த வளர்மதி, கம்பத்தில் முதுகைச் சாய்த்துத் தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோற்றைப் பிசைகிறாள். எதிரே மகள் தர்ஷிகா வாயை இறுக மூடிக்கொண்டு, சாலையில் போகும் லாரிகளைப் பார்க்கிறாள். கெஞ்சியாயிற்று, கொஞ்சியாயிற்று. "வளரு, அடுத்த சட்டிய எறக்கியாச்சு, வெரசா வா" என்று கூட வேலை செய்யும் பொன்னுத்தாய் உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். இந்தப் பிள்ளைக்குச் சொல்லவே கூடாது என்று வைத்திருந்த கதை, அலுத்துப்போன வாயில் தானாக வருகிறது. "சாப்புடாத புள்ளையத் தேடி கருங்கைக்காரி வருவா. கூரையப் பிரிச்சு கைய மட்டும் உள்ள விடுவா. கன்னங்கரேல்னு இருக்கும். தோலு உரிஞ்சு தொங்கும்." இதே வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மா, வளர்மதிக்குச் சின்ன வயதில் சொன்ன கை அது. இன்றும் பரணில் எதையாவது துழாவினால், அந்தக் கை தன்னைப் பிடித்து இழுத்துவிடும் என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். பிள்ளையின் வாய் மெல்லத் திறக்கிறது. அப்பாடா என்று வளர்மதி ஒரு கவளத்தை உருட்டி நீட்டுகிறாள். கீற்றுப் பொத்தல் வழியே விழும் வெயில் அவள் கையில் படுகிறது. முந்திரி ஓட்டில் கசியும் பால் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்திருக்கின்றன. நுனிகளில் தோல் உரிந்திருக்கிறது. எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகாத கறுப்பு. தர்ஷிகா சோற்றைப் பார்க்கவில்லை. கையைப் பார்க்கிறாள். கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்துகொண்டு, மெதுவாகக் கேட்கிறாள்.

"ஸ்பூன்ல ஊட்டுறியாம்மா?"