மாதுளைக்கு ஜாமீன்

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டு நோஸ்ரத். கையில் கோடரி.

“எங்கடி உன் மாமனார்?”

“படுத்திருக்கார்மா. கோடரி எதுக்கு?” என்றாள் மர்ஜான்.

“மாதுளைய வெட்ட.”

மர்ஜானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை அவள் தோட்டத்துப் படியில் கனவில் இருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். ஈரானின் காஷான் ஊரில் அது அவளுக்கு முதல் வசந்தம். பேரீச்சையைத் தவிர அதிகம் பார்த்திராத கடற்கரை ஊர்க்காரி அவள்.

குளிர்காலம் முழுக்கச் செத்துக் கிடந்த தோட்டம் இது. ஒரு காலையில் பார்த்தால் பாதாம் மரம் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. பிறகு தொட்டி ஓரத்தில் ஊதாப் பூக்கள் எட்டிப் பார்த்தன. சாக்கு சுற்றிய ரோஜாக் குச்சியில் சிவப்பாகத் துளிர் வந்தது. யாரும் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு வேலையெல்லாம் மறந்துபோகும்.

சுவரோரத்து மாதுளை மட்டும் வெறும் குச்சியாக நின்றது.

உள்ளே மாமாவும் அப்படித்தான். போன இலையுதிர் காலத்தில் அத்தை பரீசா கண்ணை மூடியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். பேச்சு நின்றுபோயிற்று. கெஞ்சினால் ரெண்டு வாய் சூப், அதோடு சரி. “உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. இருக்கணும்னு அவருக்குத் தோணணும். இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது” என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். கப்பல் வேலைக்குப் போயிருக்கும் கணவனிடம் இதைப் போனில் எப்படிச் சொல்வது என்று மர்ஜானுக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தானா இவள் வர வேண்டும்!

நோஸ்ரத்துக்கும் அந்த மரத்துக்கும் ஆகாது. கம்பளம் துவைத்துப் போட்டால் வெயில் விழவில்லை, சருகு கொட்டுகிறது என்று சுவருக்கு மேலே தலையை நீட்டி மாமாவோடு சண்டை பிடிப்பாளாம். கணவன் சொல்லியிருக்கிறான். மனுஷன் விழுந்துவிட்டார் என்றதும் வந்துவிட்டாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்!

“அது எங்க அத்தை வச்ச மரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெட்டாதீங்க.” மர்ஜான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“சும்மா இருடி. நீ ஊருக்குப் புதுசு, உன் பேச்சு இங்க செல்லாது.”

கையை உதறிவிட்டு மாதுளை முன்னால் போய் நின்றாள் நோஸ்ரத். தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஊரெல்லாம் பூத்தாச்சு, நீ மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்பியா? பூவும் கிடையாது, காயும் கிடையாது. இடத்துக்குக் கேடு! வெட்டி அடுப்புல வைக்கறேன் பாரு!”

டொக்!

ஒரு அடி விழுந்தது. அவள் பார்வை ஜன்னல் பக்கம் போய் வந்தது.

“கேக்க நாதியில்லையா? இதுக்கு ஜாமீன் நிக்க இந்த வீட்ல ஒரு ஆள் இல்லையா?”

டொக்!

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

மர்ஜான் திரும்பினாள். மாமா கதவைப் பிடித்தபடி நின்றார், வெறுங்காலோடு. வெயிலில் கண் கூசியது. பாதாம் பூ ஒன்று அவர் தோளில் விழுந்தது. தட்டிவிடவில்லை. தூக்கத்தில் நடப்பவர் போல ஒவ்வொரு செடியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மரத்தைப் பார்த்தார். கோடரியைப் பார்த்தார். அப்புறம் நோஸ்ரத்தின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“வெட்டாத.” குரல் கரகரத்தது. “நான் ஜாமீன்.”

“எதுக்கு ஜாமீன்?”

“இந்த வருஷம் காய்க்கும்.”

“படுத்துக்கிட்டே நிக்கற ஜாமீனெல்லாம் செல்லாதுண்ணே. மண்ணக் கொத்தணும். தண்ணி விடணும்.”

“விடறேன்.”

“பழுக்க இலையுதிர் காலம் ஆகும். அதுவரைக்கும் இருக்கணும்.”

மாமா மரத்தில் விழுந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

“இருக்கேன்.”

“மர்ஜான் சாட்சி” என்று சொல்லிவிட்டு, கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள் நோஸ்ரத். மாமா குனிந்து ரோஜாவைச் சுற்றியிருந்த சாக்கின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

வாசலில் அவளை வழிமறித்தாள் மர்ஜான்.

“என்னம்மா கூத்து இது?”

“இந்த ஊர் வழக்கம்டி. காய்க்காத மரத்தை ஒருத்தர் கோடரியக் காட்டி மிரட்டணும். இன்னொருத்தர் குறுக்கே வந்து ஜாமீன் நிக்கணும். மரம் பயந்து காய்ச்சிடும்.”

“காய்க்கலைன்னா? மாமா மறுபடி படுத்துடுவாரேம்மா! அப்புறம் அவரை யார் எழுப்பறது?” மர்ஜானுக்கு அழுகை முட்டியது.

நோஸ்ரத் நின்றாள். தலைத்துணி முனையால் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“காய்க்காம என்ன? மாதுளை எப்பவும் கடைசியாத்தான் துளிர்க்கும். போன வருஷம் பாரம் தாங்காம கிளையே முறிஞ்சது. பரீசா கூடை கூடையா சுவர் வழியாக் கொடுத்தா. தின்னு மாளல.”

“மாமாவுக்கு அது தெரியாதா?”

“பறிச்சதே அவர்தான்டி, பைத்தியம். நாங்க ரெண்டு பேரும் மரத்தைப் பத்தியா பேசினோம்?”