விடுபட்ட நிபந்தனை

"மேனேஜரை வேலையை விட்டு அனுப்பியே ஆகணும்ப்பா," என்றாள் நோஹோரா.

பெலெஸ் ஊரில் அவர்களுடைய கொய்யா மிட்டாய்த் தொழிற்சாலை. அப்பா எவரிஸ்தோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன பண்ணான்?"

"பொகோட்டாவுல இருந்து வந்த பெரிய கடைக்காரர், மிட்டாயை இலைக்குப் பதிலா காகிதத்துல சுத்தித் தரமுடியுமான்னு கேட்டார். 'காகிதத்துல சுத்தினதுதான் வேணும்னா சோப்புக்கட்டி வாங்கிட்டுப் போ'ன்னு விரட்டியாச்சு."

"ஆர்டர்?"

"போச்சு. இந்த வருஷத்துல இது மூணாவது."

"அப்புறம் என்ன யோசனை? அனுப்பு!"

"வயசானவருப்பா. பாவமா இருக்கு."

"பாவம் பார்க்க இதென்ன சர்ச்சா? யாரா இருந்தாலும் அனுப்புடி!"

நோஹோரா தயாராக வைத்திருந்த பணிநீக்கக் கடிதத்தை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர் துள்ளி எழுந்தார். கடிதத்தில் இருந்தது அவர் பெயர். கோபத்தில் யாரை விரட்டினோம் என்பது அவருக்கு என்றுமே நினைவிருந்ததில்லை.

"என் தொழிற்சாலையில இருந்து என்னையேவா?"

"உங்களுக்கப்புறம் மாத்தினா வரி எக்கச்சக்கம்னு, மூணு வருஷம் முன்னாடியே மொத்தப் பங்கையும் என் பேர்ல எழுதிட்டீங்க. 'உயிரோட இருக்கிறவரைக்கும் நிர்வாகம் எனக்கே'ன்னு ஒரு நிபந்தனை போடச் சொன்னார் ஆடிட்டர். நீங்க மறந்துட்டீங்க."

எவரிஸ்தோ பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

"மறக்கலை. ஆடிட்டர் எழுதிட்டு வந்ததை நீக்கச் சொன்னதே நான்தான். நானா எழுந்து போற ஆளில்லைன்னு எனக்குத் தெரியாதா?"

சாவிக்கொத்தை மேஜைமேல் போட்டார்.

"உனக்கு தைரியம் வர மூணு வருஷம் ஆகும்னுதான் தெரியாமப் போச்சு."