லொக் வழிவிடவில்லை

பண்டாரவளை டியூஷன் கொட்டகையின் தகரக் கூரையில் மழை இரைந்து கொட்டுகிறது. கணிதம் படிப்பிக்கும் குமாரசிங்கம் சேரின் வாய் அசைகிறது. சொல் எதுவும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஜீவராணிக்கு வந்து சேரவில்லை. பலகையில் மடக்கைச் சார்பு ஒன்று, இரண்டை அடியாகக் கொண்ட லொக். அதன் நேர்மாறைக் காண வேண்டும். ஜீவராணி x-ஐயும் y-ஐயும் இடம் மாற்றிவிட்டாள். அதற்கு மேல் லொக் வழிவிடவில்லை. அதையும் ஓர் எண்ணாக நினைத்து மறுபக்கம் கொண்டுபோய் வகுக்கிறாள். விடை மறுபடி பிழை. ஓகஸ்டில் அவளுக்குக் கடைசித் தடவை உயர்தரப் பரீட்சை. தவறினால் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சேர் வந்து அவள் கொப்பியில் எழுதியதைக் குனிந்து பார்க்கிறார். “லொக் என்ன கொழுந்துக் கூடையே பிள்ளை, தூக்கி அங்கால வைக்க? ரெண்டின்ர அடுக்கா மாத்து!” என்று கத்துகிறார். “ஏன் சேர் அடுக்கு?” அவர் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் பலகைக்குத் திரும்புகிறார். “அவருக்கே கேக்கல, விடுடி,” என்கிறாள் பக்கத்திலிருப்பவள். ஜீவராணி எழுந்து முழு மூச்சில் கத்துகையில் மழை சட்டென நின்றுவிடுகிறது. “எனக்கு ஒண்ணுமே வெளங்கல சேர்!” கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. “எங்களுக்குந்தான்,” என்கிறது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். “வாற ஞாயிறு பாப்பம்,” என்று சேர் பலகையை அழிக்கிறார். “இப்பவே சொல்லுங்க சேர்,” என்கிறாள் ஜீவராணி. அவள் உட்காரவில்லை.